உலக்கை விழுந்த நேரம்

பின்பக்கமாகவே நடந்து வந்த தங்கப்பாண்டியின் குதிகால் பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறியது. தாம்பாளம் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. அதிலிருந்த மஞ்சள் தண்ணீர் அவன் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது. தண்ணீருக்கு நடுவே எந்தப் பிடிமானமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த உலக்கை, விழலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் வாசல் சிமெண்டுத் தரையில் டணாரென்று விழுந்து, உருண்டு போய் ஜீப்பின் முன்சக்கரத்தில் முட்டி நின்றது.

அவன் கையில் பிச்சைமணியின் பட்டறையிலிருந்து கெஞ்சி வாங்கி வந்த வெல்டிங் கண்ணாடி இருந்தது. சூரியனை எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. தொட்டியைத் தாண்டிப் பார்க்கத்தான் அவன் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் என்று வந்துகொண்டிருந்தான். முப்பது வருஷமாகக் குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவன். எப்பேர்ப்பட்ட கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்பைக் கண்ணாடி பார்க்காமல் பின்னுக்கு எடுப்பான். தன்னைத்தானே பின்னுக்கு எடுக்கிற வித்தை மட்டும் இதுவரை கைவரவில்லை.

உலக்கை விழுந்ததில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அன்றைக்கு அந்த வீட்டில் அந்த உலக்கைதான் கடிகாரம்.

கிரகணம் பிடித்திருக்கும்வரை தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் தானாக விழும் என்பது அவன் மனைவி கஸ்தூரியின் கணக்கு. காலையில் அவளும் பக்கத்து வீட்டு முனீஸ்வரியும் சேர்ந்து அதை நிறுத்திவைத்தார்கள். தெருவே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது. டி.வி.யில் நேரம் போடுகிறானே, அதைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று தங்கப்பாண்டி கேட்டதற்கு, "டி.வி.ல சொல்றது மெட்ராசுக்கு. நம்ம கூடலூருக்கு உலக்கைதான் சொல்லும்" என்று கஸ்தூரி அடித்துச் சொல்லிவிட்டாள். டி.வி.யை அணைத்தாள். வீட்டிலிருந்த செல்போன்களையெல்லாம் வாங்கி அணைத்து, அரிசி டிரம்முக்குள் போட்டு, மேலே அறுகம்புல்லையும் வைத்து மூடினாள். சுவர்க் கடிகாரம் தீபாவளியிலிருந்தே ஓடவில்லை. அதற்கு பேட்டரி வாங்கி வர வேண்டியது யார் என்று கேட்டால் அந்தப் பெயரும் தங்கப்பாண்டி என்றுதான் முடியும்.

"அடி தட்டையா இருக்கு, கீழ இரும்புப் பூண் வேற போட்டிருக்கு. இது கிரகணம் இல்லாத நாள்லயும் நிக்கும்" என்று அவன் காலையிலேயே ஒரு ஆராய்ச்சிக் கருத்தை வெளியிட்டிருந்தான்.

"அப்ப கிரகணம் இல்லாத நாள்ல நீங்க நிறுத்திக்கங்க. இன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருங்க" என்றாள் கஸ்தூரி.

மூடிக்கொண்டான். காரணம் உள் அறையில் இருந்தது. மகள் சுபாஸ்ரீக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து திருப்பூரிலிருந்து கூட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம். நடுவில் ஒன்று தங்கி, நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. அன்றைக்குத் தேனியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கஸ்தூரி உட்கார்ந்திருந்த இருப்பை அவன் பார்த்திருக்கிறான். அழவில்லை, பேசவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அதிலிருந்து அவள் எது சொன்னாலும் அவன் கேலி பேசுவான், ஆனால் குறுக்கே நிற்க மாட்டான். அறையின் ஜன்னல்களில் பழைய சேலைகளை நாலாக மடித்துச் செருகியபோதும், "இதென்ன சினிமா தியேட்டரா" என்று கேட்டபடியே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது அந்த உலக்கை ஜீப்புக்கடியில் கிடக்கிறது. மேலே சூரியன், பாதிக்கு மேல் கடிபட்டு, இன்னும் கடிபட்டுக்கொண்டே இருக்கிறது.

அவன் ஓடிப்போய் உலக்கையை எடுத்துத் தாம்பாளத்தில் நிறுத்தினான். சாய்ந்தது. திருப்பி நிறுத்தினான். அப்போதும் சாய்ந்தது. தாம்பாளத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை, விளிம்பும் நெளிந்துவிட்டது. எந்த நாளிலும் நிற்கும் என்று அவன் சத்தியம் செய்த உலக்கை, அவன் கைக்கு மட்டும் நிற்க மாட்டேன் என்றது.

மூடிய கதவுக்குப் பின்னால் காவலுக்கு உட்கார்ந்திருந்த முனீஸ்வரியின் குரல் வந்தது. "அண்ணே, என்னமோ சத்தங் கேட்டுச்சே. உலக்கை விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு" என்றான் தங்கப்பாண்டி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. விழுந்துதான் இருந்தது. 'நான்தான் மிதிச்சேன்' என்று அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரி வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டாள்.

"மதினி, விட்டுருச்சு. உலக்கை விழுந்துருச்சு. பிள்ளைய வெளிய கூட்டியாங்க, பாவம், எவ்வளவு நேரம் வேகும்."

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. கஸ்தூரி திட்டுவாள் என்பதற்காக அவன் தயங்கவில்லை. அவள் திட்டு அவனுக்குக் காலைக் காப்பி மாதிரி, வராத நாளில்தான் தலை வலிக்கும். 'கிரகணத்துலயா பிள்ளைய வெளிய விட்டேன்' என்று அவள் அந்த வராந்தா முகத்தோடு உட்கார்ந்துவிடுவாளே என்றுதான் நாக்கு எழவில்லை. உலக்கையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். வேட்டி சொட்டியது. ஜீப் டிரைவர் மாதிரி இல்லை, ஏதோ கோயில் திருவிழாவில் வேஷம் கட்டிக்கொண்டு வழி தப்பி வந்தவன் மாதிரி இருந்தான்.

சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனபோது முனீஸ்வரி போய்விட்டிருந்தாள். சுபாஸ்ரீ தலைக்கு ஊற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, கொய்யா மரத்தடியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அரிவாள்மனை. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகாத பிள்ளை. சமையல் ஆகட்டும் என்று தானே அவரைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். கிரகணத்தில் சூலி செய்யக் கூடாதவை என்று கஸ்தூரி எதையெதை ஒப்பித்தாளோ அதையெல்லாம் வரிசையாக, ஒன்று விடாமல்.

அதைவிட, அந்தத் தரை. கொய்யா இலைகளின் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் ஒவ்வொன்றும் வட்டமாக விழாமல், சின்னச் சின்னக் கதிர் அரிவாளாக விழுந்திருந்தது. ஈரத் தரையில் நூறு, துவைக்கிற கல்லில் பத்து, அவள் முதுகில், தோளில், வயிற்றைச் சுற்றிப் போர்த்திய சேலையில் அதேபோல். காற்று அடிக்கும்போது எல்லா அரிவாளும் ஒன்றாக ஆடின. அவன் ஆயுசில் பார்த்த அழகான காட்சிகளில் அது ஒன்று. அதை ரசிக்க முடியாத ஒரே ஆள் ஜில்லாவிலேயே அவன்தான்.

"சுபா, உள்ள போத்தா. மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழையா?" என்று அவள் நிமிர்ந்தாள்.

"மேல பாக்காத" என்று கத்தினான்.

அடுப்படியிலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இப்பிடிக் கத்துறீக? மேல என்ன இருக்கு?"

"காக்கா. எச்சம் போட்டுருச்சுன்னா கண்ணுல விழும்."

கஸ்தூரி அவன் நனைந்த வேட்டியையும், கையிலிருந்த வெல்டிங் கண்ணாடியையும், இன்னொரு கையிலிருந்த உலக்கையையும் பார்த்தாள். இந்த மனுசனோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இதில் எதுவும் புதிதாகப் படவில்லை. கொல்லை வெளிச்சம்தான் அவளுக்குப் புதிதாகப் பட்டது.

"என்னங்க, விட்டும் இன்னும் மங்கலாவே இருக்கு?"

"விட்ட ஒடனே அப்பிடித்தான் இருக்கும். டியூப்லைட்டு மாதிரி. நின்னு நின்னுதான் எரியும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தப் பொய்யின் வேலைப்பாடு அவனுக்கே தெரிந்தது. கஸ்தூரி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். சுபாஸ்ரீ, "இன்னும் நாலு காய்தாம்பா" என்று நறுக்கிக்கொண்டே இருந்தாள். அரிவாள்மனையில் ஒவ்வொரு 'நறுக்'குக்கும் அவன் ஒரு அடி முன்னால் வந்தான். கடைசியில் அவன் ஓடிப்போய் ஜீப்பின் மேல் படுதாவை அவிழ்த்துவந்து, மழைக்கு என்று சொல்லி, மகள் தலைக்கு மேலே கொய்யாக் கிளையில் இழுத்துக் கட்டினான். ஒரு கயிறு அறுந்து படுதாவின் முனை அவரைக்காய்த் தட்டில் விழுந்தது. இரண்டாவது முறை கட்டினான்.

"அப்பா, உங்களுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?"

"தோட்டத்துக்குப் போகாத நாள்ல கை சும்மா இருக்க மாட்டேங்குதுத்தா."

நன்றாக வெயில் ஏறிய பிறகு கோயில் மைக்கில், கிரகணம் முடிந்தது, பரிகார பூஜைக்கு நடை திறக்கப்படும் என்று அறிவித்தார்கள். தங்கப்பாண்டி கஸ்தூரியைப் பார்த்தான். சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிராமலே சொன்னாள்: "கேட்டீகளா? உலக்கை சொல்லி எவ்வளவு நேரங் கழிச்சு வர்றாக. அந்தப் பூசாரி எந்திரிச்சுக் குளிச்சு வர்றதுக்குள்ள அடுத்த கிரகணம் வந்துரும்."

உலக்கையின் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை அவனைக் காப்பாற்றியது. அதுதான் இன்னும் மோசமாக உறுத்தியது. சாப்பாடு இறங்கவில்லை. சுபாஸ்ரீ இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நல்லது. ஆனால் சாப்பிட்டு முடித்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "யப்பா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த 'யப்பா'வுக்கு என்ன அர்த்தம்?

யாரிடமாவது கேட்டுவிட வேண்டும். கிரகணத்தில் வெளியே வந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, ஆகாதா? ஆகும் அல்லது ஆகாது. இதற்கு மூன்றாவதாக ஒரு பதில் இருக்க முடியாது என்று நம்பித்தான் அவன் ஜீப்பை எடுத்தான். ஊரைப் பற்றி அவனுக்கு இன்னும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

பூசாரி குருசாமி கோயில் வாசலைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பூசாரியண்ணே, ஒரு சந்தேகம். எனக்கில்ல. தோட்டத்துக்கு வர்ற ஒரு ஆளோட மக. மாசமா இருக்கு. கிரகணத்துல தெரியாம வெளிய வந்துருச்சாம். ஏதும் ஆகுமா?"

"என்ன நட்சத்திரம்?"

"உத்திராடம்."

குருசாமி குழாயைக் கீழே போட்டார். "உத்திராடம்னா பாத்துக்கிறணும்."

"பாத்துக்கிறணும்னா? ஆகுமா, ஆகாதா?"

"ஒரு பரிகாரம் பண்ணிரலாம்."

"பண்ணாட்டி ஆகுமா?"

"பண்ணாம எதுக்கு இருக்கணும், தங்கப்பாண்டி?"

"பண்ணுனா ஆகாதுல்ல?"

"அது அவ விட்ட வழி" என்று கருவறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டார். இவன் காலிலும் கொஞ்சம் தண்ணீர் பட்டது. அன்றைக்கு அவன் வேட்டிக்கு விடிவே இல்லை.

அடுத்தது பிச்சைமணி. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பட்டறைக்குப் போனான். பிச்சைமணி பத்தாவது பாஸ், தினமும் பேப்பர் படிப்பவன், சாமி கும்பிடாதவன். அவனாவது பட்டென்று சொல்வான்.

"மாப்ள, இந்த கிரகணத்துல மாசமா இருக்கிற பொம்பள வெளிய வந்தா என்னடா?"

"நீ பாத்தியா மாப்ள? திண்டுக்கல் பக்கம் மோதிரம் மாதிரி தெரிஞ்சுச்சாம். நமக்கு அருவாதான். எதுலயும் நம்ம ஊருக்கு முழுசாக் குடுக்க மாட்டாங்கெ."

"அதக் கேக்கல. வெளிய வந்தா ஏதும் ஆகுமா?"

"எங்க சின்னம்மா மக ஒருத்தி இருக்கா, வருசநாட்டுல."

"வந்தாளா வெளிய?"

"வெள்ளாடு வச்சிருந்தா. சினை ஆடு. கிரகணத்தன்னைக்கு மேய விட்டுட்டா."

"என்ன ஆச்சு?"

"ரெண்டு குட்டி போட்டுச்சு."

"நல்லாருந்துச்சா?"

"அதுல ஒண்ண நரி தூக்கிருச்சு" என்ற பிச்சைமணி, முகமூடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு ஒரு இரும்பு கேட்டில் பொறி பறக்க வைக்க ஆரம்பித்தான். நரி அந்தக் கதையில் எந்தப் பக்கம் சேர்த்தி என்று கேட்க முடியாத அளவு சத்தம்.

படித்தவர்களிடம் போயிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே நர்ஸ் ஜெஸ்லின். குமுளிப் பெண், இங்கே கட்டிக்கொடுத்தது. சுபாஸ்ரீக்கு ஊசி போடுவதும் அவள்தான். அதனால் இங்கே தோட்டத்து ஆளின் மகள் கதை எடுபடாது. இருந்தாலும் சொன்னான்.

"குழப்பமில்லண்ணே, ஒரு பிரச்சனையும் இல்ல" என்றாள் ஜெஸ்லின், மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டே. "கிரகணம்னா நிழல். அவ்வளவுதான். நேராப் பாத்தாத்தான் கண்ணு கெட்டுப்போகும். வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

தங்கப்பாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதோ, பதில். இந்தப் பெண்ணுக்கு ஒரு கிலோ ஏலக்காய் வாங்கிக் கொடுத்தாலும் தகும்.

"அப்ப தைரியமா இருக்கச் சொல்லிறலாம்ல?"

"தைரியமாச் சொல்லுங்க." பெட்டியை மூடினாள். "ஆனா எங்க நாத்தனாரை நான் இன்னைக்கு வெளிய விடல."

"ஏம்மா?"

"அவளுக்கு ஏழு மாசம்."

"இப்பத்தானம்மா ஒண்ணும் வராதுன்ன?"

"வராதுண்ணே. எதுக்குச் சும்மா ரிஸ்க்குன்னு."

"வராதுன்னா அப்பறம் என்னம்மா ரிஸ்க்கு?"

ஜெஸ்லின் அவனைக் கருணையோடு பார்த்தாள். "ரொம்ப யோசிக்காதீங்கண்ணே. அந்தத் தோட்டத்து ஆளோட மகள வேணும்னா பெரிய டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிறச் சொல்லுங்க. சுபாவ நான் திங்கக்கிழமை பாக்குறேன்."

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தான். ஆகும், ஆகாது என்ற இரண்டு பதிலுக்கு நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று இத்தனை வயது வரை அவனுக்குத் தெரியாது. தோட்டத்துப் பெண்கள் இருபது பேரை எட்டுப் பேர் ஜீப்பில் ஏற்றுகிறவனுக்கே அது பிரமிப்பாக இருந்தது.

அரிசி டிரம்மிலிருந்து விடுதலையான செல்போன் சட்டைப் பையில் அடித்தது. மருமகன் மகிழன், திருப்பூரிலிருந்து.

"மாமா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சா? அத்தை சொன்ன மாதிரி சுபா கரெக்டா இருந்தாளா? எங்க அம்மா காலைலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காக."

"எல்லாம் கரெக்ட்டு மாப்ள. உலக்கையெல்லாம் வச்சு."

"உலக்கை எப்ப விழுந்துச்சு மாமா?"

தங்கப்பாண்டி ஜீப்பின் கூரையைப் பார்த்தான். அதில் படுதா இல்லை, கொய்யா மரத்தில் இருந்தது. "அது விழுந்துருச்சு மாப்ள. சிக்னல் விட்டு விட்டு வருது, வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்தபோது சுபாஸ்ரீ சேலை மாற்றி, தலையைப் பின்னி, வாசலிலேயே நின்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மலையாளத்தான் டீக்கடைப் பழம்பொரி வேண்டும் என்றாள். வாங்கி வந்து கொடுத்தால் ஆகாதாம், அங்கேயே சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் வேண்டுமாம். "கிரகணந்தான் கழிஞ்சிருச்சுல்ல, கூட்டிப் போயிட்டு வாங்க. பிள்ளை ஆசைப்படுது" என்று கஸ்தூரியே ஏற்றி விட்டாள். வண்டியை உருட்டி உருட்டிப் போங்க என்று தெரு திரும்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உருட்டாமல் போவதற்கு வழியே இல்லை. மார்கழி மாதம். சபரிமலைக்குப் போகிற பஸ்ஸும் வேனும் மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கிரகணத்துக்காக அங்கங்கே வண்டியை ஓரங்கட்டியிருந்த சாமிமார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தார்கள். பழம்பொரியை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நடு ரோட்டில் மாட்டினார்கள். முன்னால் ஒரு ஆந்திரா பஸ், பின்னால் திராட்சைப் பெட்டி ஏற்றிய லாரி.

சுபாஸ்ரீ முன் சீட்டில் உட்கார்ந்து, நியூஸ்பேப்பரில் எண்ணெயை ஒற்றி ஒற்றித் தின்றாள். தங்கப்பாண்டி கியரைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் அவள் வயிற்றையே பார்த்தான்.

"அசையுதாத்தா?"

"ம்."

"எப்பயும் போலவா?"

"ம்."

"காலைல அசைஞ்சதுக்கும் இப்பைக்கும் ஏதும்..."

"அப்பா." அவள் பேப்பரை மடித்து மடியில் வைத்தாள். "இப்ப என்ன கேக்கணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"மிதிச்சது நீங்கதான?"

ஆந்திரா பஸ் ஒரு அடி நகர்ந்தது. அவன் நகரவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான்.

"வாசப் பக்கத்து ஜன்னல்ல அம்மா செருகுன சேலை ஒரு ஓரம் நழுவியிருந்துச்சு" என்றாள் சுபாஸ்ரீ. "அந்தச் சந்துல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கண்ணாடிய வச்சுக்கிட்டுப் பின்னாடியே வர்றீக. அம்மா எனக்குப் பக்கத்துல கண்ண மூடி சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கு. கத்தலாம்னா எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுக்குள்ள மிதிச்சிட்டீக."

"அப்ப... தெரிஞ்சேதான் வெளிய வந்தியா?"

"தெரிஞ்சேதான் வந்தேன்."

"ஏன்த்தா?"

"பசி. அந்த ரூம்புல மூச்சு முட்டுச்சு. நல்லா நீட்டிப் படுக்கணும், திரும்பக் கூடாது, சொறியக் கூடாது. அம்மா என் கைய வேற பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு, விடவே இல்ல. கை வேர்த்து வழியுது. அதுக்குப் பயம் போகட்டும்னு நானும் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கொய்யா மரத்துக்குக் கீழ எப்பிடி இருந்துச்சு, பாத்தீகல்ல? நீங்க வந்து படுதாவக் கட்டிட்டீக."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வழியில் வந்ததில் இருமல்தான் வெளியே வந்தது. லாரிக்காரன் இறங்கி வந்து ஜன்னலில் தட்டப் பார்த்தான். உள்ளே பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்ததும் திரும்பிப் போனான்.

"அம்மாட்ட சொல்லிருவியா?"

"எதுக்கு? அதுக்கு நிம்மதியா ஒரு தூக்கம் வரட்டும்."

தங்கப்பாண்டி வண்டியை ஒரு அடி நகர்த்தி நிறுத்தினான். மத்தியானத்திலிருந்து அந்தக் கேள்வியைத் தோட்டத்து ஆளின் மகள் தலையில் கட்டிக் கட்டி ஊர் முழுக்கச் சுமந்தாயிற்று. பூசாரியிடம் கேட்டாயிற்று, வெல்டிங் பட்டறையில் கேட்டாயிற்று, நர்ஸிடம் கேட்டாயிற்று. கேட்க வேண்டிய ஆள் பக்கத்து சீட்டில் விரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணும் ஆகாதுல்லத்தா?"

சுபாஸ்ரீ விரலைப் பேப்பரில் துடைத்துக்கொண்டாள். அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் வலது பக்கம், விலாவுக்குக் கொஞ்சம் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தெரியாதுப்பா" என்றாள். "போன தடவை அம்மா சொன்னது, அத்தை சொன்னது, டாக்டர் சொன்னது எல்லாம் செஞ்சேன். ஒண்ணுகூட விடல. அப்பவும் போயிருச்சு. ஏன்னு அவகளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இந்தத் தடவை என்ன ஆகும்னு கேட்டா, நெசமாவே எனக்குத் தெரியாது. தினமும் பயமாத்தான் இருக்கு. இன்னைக்கு மட்டும் இல்ல. இப்ப உதைக்குது, பாருங்க. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."